பாரசீகக் கவிஞருக்கு ஏழு வாரம்

எவலினிடம் மூன்று குறுக்கெழுத்துதான் கேட்டிருந்தார்கள். அவள் நான்கு அனுப்பி வைத்தாள்.

"நாலாவது எதுக்கும்மா?" என்று கோலாலம்பூரிலிருந்து போனில் கேட்டார் புனிதன். பத்திரிகையின் ஞாயிறு இதழ் அவர் பொறுப்பில் இருந்தது. "மூணு வாரம் வெள்ளோட்டம், தப்பில்லாம தேறினாத்தான் மத்ததுன்னு சொன்னேனே."

"தேறினதுக்கு அப்பறம் ஒண்ணு வேணுமில்ல சார்? அப்ப அவசரமா போன் பண்ணுவீங்க. இப்பவே வச்சுக்குங்க."

புனிதன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருப்பவர்களை எவலின் எப்போதும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வாள். சரி, மனுஷன் ஒத்துக்கிட்டான் என்று போனை வைத்தாள்.

அவளுக்கு அந்தத் திமிர் சும்மா வந்ததில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, அதே தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்யும் தோமஸுக்கு வாக்கப்பட்டு, பள்ளிப் படிப்பை மூன்றாம் பாரத்தோடு மூட்டை கட்டியவள். ஆனால் அந்தப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் பத்தொன்பது வருஷமாக நிரப்பி வருகிறாள், ஒரு ஞாயிறுகூட ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. பிரசவ வார்டில் வலியோடு படுத்திருந்தபோதும் பேனா கேட்டாள் என்று தோமஸ் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பழைய ஆள் கண் தெரியவில்லை என்று விலகிக்கொண்டதும், புதிதாகக் குறுக்கெழுத்து அமைக்க ஆள் தேவை என்று பத்திரிகை விளம்பரம் போட்டது. வந்த நாற்பது பேரில் எவலினைப் பொறுக்கியிருந்தார் புனிதன்.

முதல் மூன்று வாரம் பெயர் போடமாட்டார்கள். புகார் இல்லாமல் தேறிவிட்டால் நான்காவது வாரத்திலிருந்து கட்டத்துக்குக் கீழே 'குறுக்கெழுத்து: எவலின் தோமஸ்' என்று அச்சில் வரும். எவலினுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் போட்ட கட்டத்துக்குள் எழுதியாயிற்று. இனி தான் போட்ட கட்டத்தில் ஊரே எழுத வேண்டும், அதன் அடியில் தன் பெயர் இருக்க வேண்டும். லைன் முழுக்க இதைச் சொல்லியும் வைத்திருந்தாள். வராமல் போனால் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவது என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. அவள்தான் எவலினாயிற்றே!

முதல் இரண்டு வாரமும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போயின. மூன்றாவது வாரம் கவிதைச் சிறப்பிதழ். பாரசீகக் கவிஞர்களும் ரோஜாவும் என்று வைத்துக் குறிப்புகளை மாற்றித் தாருங்கள் என்றார் புனிதன்.

"ரோஜாவா?" எவலின் சிரித்துவிட்டாள். "சார், நான் வேலை செய்யற இடம் தெரியுமில்ல?"

கேமரன் மலையின் திரிங்காப்பில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் கொட்டகையில் பூத் தரம் பிரிக்கிறவள் அவள். காலையில் வெட்டி வரும் பூவெல்லாம் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். காம்பு எத்தனை நீளம், மொட்டு இறுக்கமா, கழுத்து நேரா என்று ஒரு பார்வை பார்ப்பாள். தேறியது இருபது இருபதாகக் கட்டி, செய்தித்தாள் சுற்றி, சாயங்காலம் லாரி ஏறும். தேறாதது அவள் காலடியில் இருக்கும் கூடைக்குப் போகும். அவள் தள்ளிய பூவை முதலாளி தவுக்கேகூட திரும்ப எடுத்து வைக்கமாட்டார்.

மூன்று சாயங்காலம் போனில் தேடித் தேடிப் பாரசீகக் கவிஞர்களைப் படித்தாள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. எந்தப் பாட்டைத் திறந்தாலும் ரோஜா உதிர்ந்துவிட்டது என்று அழுகை, ஒப்பாரி, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று புலம்பல்.

"ஏங்க, இவங்களுக்கு என்னங்க கேடு?" என்று தோமஸிடம் கேட்டாள். "ஒரு பூ உதிர்ந்துச்சுன்னா கீழ வெட்டிவிட வேண்டியதுதானே? ஏழு வாரத்துல அடுத்தது வந்து நிக்கப் போவுது. அதுக்குள்ள என்னா அவசரம்?"

"பாட்டு எழுதறவனுக்குத் தோட்ட வேல தெரியுமா லா?" என்றார் தோமஸ்.

"அதானே பாத்தேன்" என்று எவலின் பேனாவை எடுத்தாள்.

இடமிருந்து வலம் ஏழாவது குறிப்பு அப்படித்தான் பிறந்தது. 'ரோஜா உதிர்ந்ததென்று அழும் பாரசீகக் கவிஞர் அடுத்த ரோஜாவுக்கு எதுவரை காத்திருக்க வேண்டும்? ஐந்து எழுத்து.' விடைத்தாளில் 'ஏழுவாரம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். கவிஞருக்கே புத்தி சொன்ன திருப்தியில் அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இதழ் வந்து நாலாவது நாள், வியாழக்கிழமை காலை, கொட்டகையில் டீ குடிக்கும் நேரத்தில் புனிதனிடமிருந்து போன் வந்தது. குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"எவலினம்மா, இருநூத்தி முப்பது பேர் விடை அனுப்பியிருக்காங்க. உங்க விடைத்தாளோட ஒத்துப்போறது பதினொண்ணுதான்."

"அவ்வளவு கஷ்டமாவா போட்டுட்டேன்?" உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஏழாவது குறிப்புலதான் எல்லாரும் கவுந்திருக்காங்க. நாடு பூரா 'வசந்தம்'னு எழுதியிருக்கு. அதுவும் அஞ்சு எழுத்து, அதுவும் 'ம்'ல முடியுது, கட்டத்துல உக்காந்துடுச்சு. 'ஏழுவாரம்'னு எழுதின பதினோரு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்க. அத்தன பேரும் கேமரன் மலை."

எவலின் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பேரு படிக்கறேன் கேளுங்க. திலகா, கோலா தெர்லா. இருளப்பன், லெம்பா பெர்த்தாம். விக்னேஸ்வரி, திரிங்காப்…" பதினொன்றையும் வாசித்து முடித்தார். "இதுல எத்தன பேர உங்களுக்குத் தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. "எட்டுப் பேரைத் தெரியும் சார்."

"பரிசுக் கூடை வச்ச போட்டிம்மா இது. நான் சுத்தி வளைக்கல. விடைய வெளியில சொன்னீங்களா?"

மலைக் குளிரில் எவலினுக்குக் காது இரண்டும் கொதித்தன. அவளை வாய்க்காரி என்று சொல்லியிருக்கிறார்கள், பிடிவாதக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள், மண்டைக்கனம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை, அதனால் வலித்ததில்லை. திருடி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"சார், எல்லாரும் பூக்காரங்க. ரோஜாவுக்கு ஏழு வாரம்னு இங்க புள்ளைங்களுக்குக்கூட தெரியும். நான் சொல்லித்தான் தெரியணுமா?"

"நீங்க அப்படிச் சொல்றீங்க. பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"அப்ப ஒண்ணு செய்ங்க. அந்தப் பதினொண்ணுல பக்கிரிசாமின்னு ஒருத்தர் இருக்காருல்ல? அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அவர் உங்களுக்கு வேண்டியவரா?"

"வேண்டாதவரு சார். என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறவரு. அவரு நான் சொன்னேன்னு சொல்லிட்டா, என் நாலு குறுக்கெழுத்தையும் கிழிச்சுப் போட்டுடுங்க."

வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் பழைய கதை நினைவுக்கு வந்தது. பக்கிரிசாமிக்குத் திரிங்காப் மேட்டில் சொந்தமாக இரண்டு ஏக்கர் ரோஜா. நாலு வருஷத்துக்கு முன்னால், காதலர் தினம் நெருங்கும் வாரத்தில், பூவுக்கு ஊரே அடித்துக்கொள்ளும் நேரத்தில், அவர் கொண்டு வந்த நாற்பது கட்டுப் பூவை, கழுத்து வளைந்திருக்கிறது என்று அத்தனையும் கூடையில் தள்ளியவள் எவலின். தவுக்கேயே பாவம் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. மனுஷன் அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று கத்திய கத்தல் பக்கத்து ஊர் பிரிஞ்சாங் வரை கேட்டிருக்கும். அப்புறம் இந்தக் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பழி வாங்க அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் தோமஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலாமாக்! உனக்கு மூள இருக்கா எவலின்? அந்த விக்னேஸ்வரி உனக்கு உசுரையே குடுப்பா. இருளப்பன் சாமி மேல சத்தியம் பண்ணுவான். அவங்கள எல்லாம் விட்டுட்டுப் போயி பக்கிரிசாமியையா சாட்சிக்குக் கூப்பிடுவ?"

"வேண்டியவங்க சொன்னா யாரு நம்புவா?"

"வேண்டாதவன் பொய் சொன்னா?"

அடுப்பில் வைத்த கறி அடிப்பிடித்தது. பத்தொன்பது வருஷ ஆசை ஒரு கோபக்கார ஆளின் நாக்கு நுனியில் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. வெளியில் காட்டாமல் சட்டியைத் தேய்த்தாள்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. தோமஸ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"பக்கிரிசாமிகிட்ட பேசினேன்" என்றார் புனிதன். "உங்க பேரைச் சொன்னதுமே பிடிச்சுக்கிட்டாரு. 'அந்தம்மாவா? நாப்பது கட்டுப் பூவைக் கூடையில தள்ளின மகராசி சார் அது! சொந்த மச்சான் தோட்டத்துப் பூவையே தள்ளும். அது எனக்கு விடை சொல்லிக் குடுக்குமா? நீங்க நல்லாத்தான் இருக்கீங்களா?'ன்னு என்னையே கேட்டாருங்க."

தோமஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப ஏழுவாரம்னு எப்படி எழுதினீங்கன்னு கேட்டேன். 'ஏன், உங்க கோலாலம்பூர்ல ரோஜாவுக்கு எத்தன வாரம்?'னு திருப்பிக் கேட்டாரு." புனிதன் குரலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. "காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்குங்கம்மா. அந்த விஷயம் முடிஞ்சுது. ஆனா இன்னொண்ணு இருக்கு."

"சொல்லுங்க சார்."

"ஈப்போவுலேர்ந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்காரு. அந்தக் காலத்துப் பாரசீக ரோஜா நம்ம ரோஜா மாதிரி இல்லியாம். பனிக்காலம் பூரா கட்டையா நிக்குமாம். வசந்தத்துல சில வாரம் பூக்கும், அவ்வளவுதான். அப்பறம் மறு வருஷந்தான். விடை வசந்தம்தானேன்னு கேட்டிருக்காரு."

வருஷத்துக்கு ஒரு தடவையா? அவள் பிறந்த மலையில் மாதத்துக்கு மாதம் வித்தியாசமே கிடையாது, மழை கூடும் குறையும், அவ்வளவுதான். தேயிலையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும், ரோஜாவை வெட்டினால் மறுபடி பூக்கும். எதுவும் வராமல் போகும் என்று அவள் பயந்ததே இல்லை. ஒரு பூவைத் தவறவிட்டால் முழுசாக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அதுவரை தான் இருப்போமா என்பதும் நிச்சயமில்லை என்று ஒரு ஊர் இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்குத்தான் அந்த மனுஷர்கள் அப்படி அழுதிருக்கிறார்கள். அவர்களைப் போய்க் கேலி பண்ணினோமே என்று அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு கடிதந்தான்" என்றார் புனிதன். "கவிஞர் கேமரன் மலைக்கு வந்தா எத்தன நாள் காத்திருப்பார்னு கேட்டோம், அது வேடிக்கைக் குறிப்புன்னு ரெண்டு வரி விளக்கம் போட்டுச் சமாளிச்சுடலாம். பதினோரு பேருக்குள்ள சீட்டுக் குலுக்கிடலாம். உங்க வெள்ளோட்டமும் தேறினதா ஆயிடும். என்ன சொல்றீங்க?"

தோமஸ் பலமாகத் தலையாட்டினார். சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று உதடு அசைந்தது. எவலினுக்கும் சொல்ல ஆசைதான். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"சார், அந்தக் குறிப்புக்குக் கழுத்து வளைஞ்சு போச்சு" என்றாள். "தள்ளிடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. விடை தப்புன்னு போட்டா வெள்ளோட்டம் தேறாது. மேலே இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அடுத்தவங்க பூவ நாப்பது கட்டு தள்ளினவ சார் நான். என்னுது வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் கட்டி லாரில ஏத்துனா, நாளைக்கு அந்த மேசை முன்னால எப்படி நிப்பேன்?" தோமஸைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "வசந்தம்னு எழுதினவங்களுக்கே கூடையக் குடுங்க. தப்பு என்னுதுன்னு நானே எழுதித் தரேன்."

போனை வைத்துவிட்டு, பழைய கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதினாள். 'இடமிருந்து வலம் 7: சரியான விடை வசந்தம். பாரசீகத்துக் கவிஞர்களின் ரோஜா வருஷத்துக்கு ஒரு பருவம்தான் பூக்கும். அதை அறியாமல் ஏழுவாரம் என்று போட்டது என் தவறு. எங்கள் மலையில் அப்படித்தான் பூக்கிறது. அந்த விடையை எழுதிய பதினோரு பேருக்கும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. கைக்குத் தெரிந்ததை எழுதினார்கள். எவலின் தோமஸ், திரிங்காப்.' படம் பிடித்து அனுப்பிவிட்டு, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பெயர் அச்சில் வரத்தான் போகிறது, ஆனால் தப்புக்குக் கீழே வரப் போகிறது. தோமஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அவளுக்காக உண்மை பேசிய பக்கிரிசாமியின் விடையையும் அல்லவா தள்ளியிருக்கிறாள்!

அந்த ஞாயிறு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பத்திரிகை வாங்காமல் நேராக வீட்டுக்கு வந்தாள். தோமஸ் வாங்கப் போனபோதும் தடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொட்டகை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செய்தித்தாள் சுற்றிய ஒரே ஒரு பூக்கட்டைக் கையில் பிடித்தபடி பக்கிரிசாமி உள்ளே வந்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம் அவர் காலடி அங்கே படுகிறது. கட்டு போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள்.

"என்னாம்மா, மறுபடியும் தள்ளிட்டியே" என்றார் பக்கிரிசாமி. "பரிசுக் கூடைன்னு என் வீட்டுக்காரி அலமாரியில எடமெல்லாம் ஒதுக்கி வச்சிருந்தா லா."

"என்னுதையும் சேத்துத்தாண்ணே தள்ளினேன். ஒரே கூடையில."

"படிச்சேன், படிச்சேன்." கட்டை அவள் மேசை மேல் வைத்தார். "சரி, இதப் பாரு. இன்னிக்குக் காலைல வெட்டினது."

எவலின் நூலை அவிழ்த்து, காகிதத்தைப் பிரிக்கக் கை வைத்தாள். நேற்றைய பத்திரிகை அது. குறுக்கெழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றியிருந்தார். பக்கத்து ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் அவள் எழுதிக் கொடுத்த தப்பு, ஒரு எழுத்து மாறாமல். அதன் அடியில் ஆசிரியரின் ஒரு வரி: 'தன் தவறைத் தானே தள்ளியவரிடம் இந்தப் பக்கத்தை நம்பி ஒப்படைக்கிறோம்.' அதற்கும் கீழே கட்டங்கள். அவளுடைய கட்டங்கள். கூடுதலாக அனுப்பிய நாலாவது குறுக்கெழுத்து. பக்கிரிசாமி நீல மையில் நிரப்பியிருந்த கட்டங்களுக்கு அடியில், சின்ன எழுத்தில், 'குறுக்கெழுத்து: எவலின் தோமஸ்.'

கண் நிறைந்துவிட்டது. பூக்காரி பூவைப் பார்த்து அழுதாள் என்று ஊர் பேசக் கூடாதே! கத்தரியைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னா, பூ புடிக்கலியா?" என்றார் பக்கிரிசாமி.

எவலின் காகிதத்தை உருவி, மேசையில் வைத்து நீவினாள். "மேலிருந்து கீழ் நாலாவது தப்புண்ணே."

"பூவப் பாரு தாயே!"

பார்த்தாள். இருபதையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். காம்பைத் தடவி, மொட்டை விரலால் அமுக்கி, கழுத்தைக் கண்ணுக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எவலின் இரண்டு பூவை எடுத்துக் காலடிக் கூடையில் போட்டாள்.

"பதினெட்டு எடுத்துக்கறேன்" என்றாள்.

பக்கிரிசாமி கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அடிப் பாவி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். "சரி, நாளைக்கு எத்தன கட்டு கொண்டாரட்டும்?"

"எத்தன வேணாலும் கொண்டாங்கண்ணே. கழுத்து மட்டும் நேரா இருக்கட்டும்." காகிதத்தை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். "இது மட்டும் உங்களுக்குத் திரும்பக் கெடைக்காது."